ராத்திரி எட்டு மணிக்கு அங்கே என்ன வேலை?

போன வாரம் திருமயத்தில் புதுக்கோட்டை பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அண்ணா பல்கலைக்கழக வழக்குப் பேச்சு வந்தது. 2024 டிசம்பர் 23 இரவு, வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை. "ராத்திரி எட்டு மணிக்கு அங்க என்ன வேலை?" என்றான் கூடப் படிக்கும் ஒருத்தன். நான் வாயே திறக்கவில்லை. (பஸ் வந்துவிட்டது என்பது ஒரு சாக்கு.) ஏறி உட்கார்ந்ததும் தோழி காதோடு சொன்னாள்: "எனக்கு ஏதாச்சும்னா வீட்ல சொல்லவே மாட்டேன்டி. படிப்ப நிறுத்திருவாங்க."

நம்ம ஊரில் போலீஸ் பயத்தைவிட இந்தப் பயம்தான் பெரிசு.

அந்த மாணவி தைரியமாகப் புகார் கொடுத்தார். எஃப்.ஐ.ஆர். அப்படியே வெளியே கசிந்தது, பெயர் விவரத்தோடு! சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. எஃப்.ஐ.ஆர். எழுதிய விதமே அவர்மேல் பழி போடுவதுபோல் இருக்கிறது என்றும் கண்டித்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: கட்டணம் வாங்காமல் அவர் படிப்பைத் தொடர வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு உத்தரவு. படிப்பு நிற்கக் கூடாது என்று கோர்ட்டுக்கே தோன்றியிருக்கிறது. குற்றவாளிக்கு 2025 ஜூன் 2-ல் ஆயுள் தண்டனை, 30 வருடத்துக்குக் குறையாமல்.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். அரசோ தனியாரோ, எந்த ஆஸ்பத்திரியும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், எஃப்.ஐ.ஆர். எங்கே என்று கேட்கக் கூடாது. கர்ப்பத்தைத் தடுக்கும் மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குளிக்காமல், துணியைத் துவைக்காமல் போனால் தடயம் கிடைக்கும், குளித்துவிட்டாலும் போகலாம். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை பார்க்கக் கூடாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்கு 3 மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். யு.ஜி.சி.யின் 2015 விதிப்படி 3 மாதம் வரை லீவும் கிடைக்கும். அட்டெண்டன்ஸ் போய்விடுமே என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மறுநாள் பஸ்ஸில் தோழியிடம் 181-ஐ போனில் போட்டுக்கொள் என்றேன், 24 மணி நேரமும் எடுப்பார்கள். "என்ன பேர்ல போடறது? அம்மா போன பார்ப்பாங்களே" என்றாள்.

'டைப்பிங் கிளாஸ் அக்கா' என்று போட்டோம்.