சொந்த மண்ணும் சரளைக் கல்லும்

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்குக் கிரிக்கெட் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். எங்கள் பள்ளியில் கால்பந்து உண்டு. சாயங்காலமானால் பெரியவர்கள் உருட்டும் பெத்தாங் குண்டு உண்டு. கிரிக்கெட் மட்டையை நான் கிட்டத்தில் பார்த்ததே அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்த பிறகுதான். பக்கத்து மேஜைக்காரர் இழுப்பறைக்குள் ஒளித்து வைத்திருந்த டிரான்சிஸ்டர்தான் என் குரு. என் ஆங்கிலத்தில் பாதி அந்த வர்ணனையில் வந்தது.

2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா கொல்கத்தாவில் நமக்கு வைத்த இலக்கு வெறும் 124 ரன். நாம் 93-க்குச் சுருண்டோம். பேரன் கேட்டான்: "தாத்தா, நம்ம ஊர்ல நம்மள யாரும் ஜெயிக்க முடியாதுன்னு சொல்வியே?"

சொன்னது உண்மைதான். அப்படிச் சொல்லக் காரணமும் இருந்தது.

2011-இல் இங்கிலாந்து போய் 0-4, அதே கோடையை ஒட்டி ஆஸ்திரேலியா போய் மறுபடி 0-4. 2012 கடைசியில் இங்கிலாந்து இங்கேயே வந்து 2-1 என்று தொடரை வென்றது. அவர்கள் இந்தியாவில் தொடரை வென்று 28 வருஷம் ஆகியிருந்தது. அப்போது முதல் நாளிலிருந்தே பந்து திரும்பும் ஆடுகளம் வேண்டும் என்று கேட்டவர் நம் கேப்டன் தோனி. மும்பையில் பந்து திரும்பியது. பனேசரும் ஸ்வானும் சேர்ந்து நம் 20 விக்கெட்டில் 19-ஐ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அங்கிருந்துதான் நம் அணி எழுந்தது. 2013 பிப்ரவரியில், நான் ஓய்வு பெற்ற புதிது. விடியற்காலை ஈசிஆர் பஸ் பிடித்துச் சேப்பாக்கம் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தோனி இரட்டைச் சதம் தாண்டினார். அந்த மேட்சில் அஸ்வினுக்கு 12 விக்கெட். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஆஸ்திரேலியாவும் முதல் இன்னிங்சில் 380 அடித்தது, கிளார்க் சதம் போட்டார். வந்தவனும் ஆட முடிந்த களம்தான் அது. தொடர் 4-0.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட நாலாம் நாள் சேப்பாக்கத்தில் டெஸ்ட். தட்டில் கரி நெருப்பு வைத்து ஆடுகளத்தை உலர்த்தினார்கள். இங்கிலாந்து 477 எடுத்தும் இன்னிங்ஸ் தோல்வி. கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303, கடைசி நாளில் ஜடேஜாவுக்கு 7 விக்கெட். உயிரில்லாத களத்திலும் ஜெயித்தோமே, அதைத்தான் நான் பலம் என்பேன்.

இப்படி 2013 முதல் 2024 வரை சொந்த மண்ணில் தொடர்ந்து 18 தொடர்கள். அத்தனையிலும் தோற்ற டெஸ்ட் நாலே நாலு. அதில் இரண்டு, 2017 புனேயும் 2023 இந்தூரும், முதல் நாளே பந்து கண்டபடி திரும்பிய களங்கள். புனேயில் ஒகீஃப் என்பவர் 12 விக்கெட் எடுத்தார். நாம் எடுத்தது 105, 107.

2024-இல் நியூசிலாந்து வந்து 3-0 என்று அந்த வரிசையை உடைத்தது. பெங்களூரில் 46-க்கு ஆட்டமிழந்தது வேகப்பந்துக்கு. அது வேறு கதை. பிறகு புனேயில் சான்ட்னர் 13, மும்பையில் அஜாஸ் படேல் 11. அஜாஸ் பிறந்ததே மும்பையில். கொல்கத்தாவிலும் கதை அதேதான், ஹார்மர் 8.

இதெல்லாம் எனக்குப் புரிய, நான் செய்த ஒரு காரியம் உதவியது. அதைச் சொல்ல வெட்கம்தான்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு வேப்பமரத்தடி. கிழவர்கள் நாங்கள் அங்கே பெத்தாங் ஆடுகிறோம். என் ஜோடி ஒரு பழைய நண்பர், முப்பது வருஷமாக அந்த மண்ணில் உருட்டுகிறவர். எந்த இடத்தில் அரை விரல் சரிவு, எங்கே வேர் புடைத்திருக்கிறது என்பதெல்லாம் அவர் மணிக்கட்டுக்குத் தெரியும். ஒருமுறை காரைக்காலிலிருந்து ஆட வந்தார்கள். நன்றாக உருட்டுகிறவர்கள் என்று கேள்வி. அவர்கள் குண்டு தடுமாறட்டும் என்று முதல் நாள் சாயங்காலம் நானே ஆள் வைத்து இரண்டு வண்டி சரளைக் கல் கொட்டி நிரவினேன். நண்பரைக் கேட்கவில்லை.

அவர்கள் குண்டு தடுமாறியது உண்மை. எங்கள் குண்டும் தடுமாறியது. 13-4 என்று தோற்றோம். நண்பர் குண்டுகளைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "முசியே, நீ அவங்க கண்ணைக் கட்டல. என் கண்ணைத்தான் கட்டின." அப்புறம் மூன்று மாதம் அவர் ஆட வரவில்லை.

அளவுக்கு மீறித் திரும்பும் களமும் அந்தச் சரளை மாதிரிதான். அஸ்வினுக்கும் சாதாரணப் பந்துவீச்சாளருக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அது குறைத்துவிடுகிறது. வருஷக்கணக்கில் மண்ணைப் படித்தவனுக்கும் நேற்று இறங்கியவனுக்கும் ஒரே கூலி.

களத்தை மட்டும் குற்றம் சொன்னால் பேரனை ஏமாற்றியது ஆகும். அடுத்து குவாஹாட்டியில் களம் நன்றாகத்தான் இருந்தது. தென்னாப்பிரிக்கா 489 எடுத்தது. தமிழ் வம்சாவளிக்காரரான முத்துசாமி சதம் அடித்தார். நாம் 408 ரன்னில் தோற்றோம். அஸ்வின், ரோஹித், கோலி எல்லோரும் டெஸ்டிலிருந்து போய்விட்டார்கள். புதியவர்களுக்கு இந்த மண் இன்னும் கைக்கு வரவில்லை.

ஆகவே பேரனிடம் சொன்னேன்: "ஜெயிக்கலாம்டா. ஆனா முதல்ல நல்ல களத்துல நாலு வருஷம் ஆடணும்."

நண்பரை நானே வீட்டுக்குப் போய் அழைத்தேன். வந்தார். அன்று குண்டு தொடவில்லை. இருவரும் முறம் வைத்துக்கொண்டு சரளையைப் பொறுக்கினோம். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.