பிடி மிகுந்தால்

"இருபத்திரண்டு வயதில் விளையாட்டுக் காரா?" என்று கேட்காத நண்பர்கள் எனக்குக் குறைவு.

அது விளையாட்டுக் கார்தான். ஆனால், உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் கார். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி ஸ்பிரிங், எண்ணெய் நிரப்பிய அப்சோர்பர் எல்லாம் உண்டு. பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தில் பழையதாக வாங்கினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குச் சங்கடம்.

வார இறுதியில் எங்கள் தாமானுக்கு அருகிலுள்ள காலிக் கார் நிறுத்துமிடத்தில் ஓட்டுவேன். தார்த்தரையில் மணல் இருப்பதால் வளைவில் கார் வழுக்கும். ஆகவே என் முயற்சி எல்லாம் பிடியைக் கூட்டுவதுதான். மென்மையான ஸ்பிரிங் போட்டேன். மெல்லிய எண்ணெய் ஊற்றினேன். கல் தட்டாமல் இருக்க அடித்தட்டைத் தரையிலிருந்து 7 மில்லிமீட்டர் உயர்த்தினேன்.

கடந்த விடுமுறையில் ஓர் உள்ளரங்குப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். அப்பாதான் வேனில் ஏற்றிச் சென்றார். அங்கே தடம் முழுவதும் கம்பளம். ரப்பர் டயர் அதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. பயிற்சி ஓட்டத்தில், முதல் வளைவிலேயே கார் கவிழ்ந்தது. திருப்பி வைத்தார்கள். மீண்டும் கவிழ்ந்தது. டயரில்தான் கோளாறு என்று புது டயர் மாற்றினேன். முன்னிலும் வேகமாகக் கவிழ்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்தார்.

"வழுக்குற வண்டி லேசுல கவுறாதுய்யா. சறுக்கிட்டுப் போயி நின்னுடும். டயரு தரைய விடாம புடிச்சிருக்கறப்பதான் மேல இருக்கற பாரம் சாயும். மொதல்ல ஒசரத்தக் கொற."

நான் திகைத்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் பெட்டியையும் போத்தலையும் சாய்த்துக் காட்டி, 'நிலைத்தன்மை' என்று நடத்திய பாடம் அது. இடைநிலைப்பள்ளியில் 'பூசாட் கிராவித்தி' என்று மலாயில் எழுதி மதிப்பெண் வாங்கிய பாடமும் அதுதான். இரண்டு மொழியில் படித்தும் தேவையான நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

இருவரும் மேசையில் அமர்ந்தோம். உயரத்தை 5 மில்லிமீட்டருக்கு இறக்கினேன். ஸ்பிரிங்கைக் கடினமாக்கினேன். எடை சட்டென்று ஒரு பக்கம் சாயாதிருக்க அப்சோர்பரில் கெட்டியான எண்ணெய் ஊற்றினேன். வளைவில் உள்பக்கம் அதிகம் எழும்பாதபடி, சக்கரம் கீழே தொங்கும் அளவைத் திருகால் குறைத்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன். கடைசியாக, பக்கத்து மேசைச் சீன நண்பர் சொன்னபடி, முன் டயர்களின் வெளி ஓரத்தில் சூப்பர் குளூவை மெல்லியதாகப் பூசினேன். ரப்பர் இறுகிவிட்டால், கார் சாயும்போது அந்த ஓரம் கம்பளத்தைக் கவ்வாது. இத்தனை நாள் பிடியைத் தேடிய நான், அன்று என் கையாலேயே அதைக் குறைத்தேன்.

போட்டியில் பத்துப் பேரில் ஏழாவதாக வந்தேன். ஒருமுறைகூடக் கவிழவில்லை.

திரும்பும் வழியில், சாலை விளக்குக்குக் காத்திருந்தபோது கேட்டேன்: "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

விளக்கு பச்சையாகும்வரை அவர் பேசவில்லை.

"குல லோரி ஓட்டுனேன்ல. நீ அப்ப பொறக்கல. பலகைக்கு மேல செம்பனக் குல. காஞ்ச ரோடு, புது டயரு. நல்லா புடிக்குதுன்னு நம்பி வளைவுல வேகத்தக் கொறைக்கல. கூட வந்தவனுக்குக் கால் போச்சி."

அப்பா லோரி வேலையை விட்டது முதுகு வலியால் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அன்று வேறொன்றும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டின் முன் வேனை நிறுத்தியபின், "அடுத்த போட்டி எப்ப?" என்று மட்டும் அவர் கேட்டார்.

நண்பர்களே, நீங்கள் விரும்பிச் செய்வதைப் பார்க்க ஒருநாள் உங்கள் அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். அவரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்று இருக்கலாம்.