நாவும் புள்ளியும்

திராட்சை மதுவைப்பற்றிப் பேச எனக்கு யாதொரு தகுதியும் இல்லை. என் ஊரில் மதுவென்றால் பனங்கள். சற்று வசதியுள்ளவர் வீட்டிலே சாராயம். 'வைன்' என்பது நத்தார்க் காலத்தில் கிறிஸ்தவ நண்பர் வீடுகளில் கேக்குடன் சிறு கிண்ணத்திலே வரும் இனிப்பானதொரு பானம் என்ற அளவோடு என் அறிவு முடிந்திருந்தது. அத்தகைய நான் ஒரு வைன் பிரியரைப்பற்றி எழுத முற்படுவதற்குக் காரணம் உண்டு. தமிழ் கற்பிக்கும் ஆசிரியனாகிய என் தொழிலைப்பற்றி, என் பேராசிரியர் எவரும் சொல்லித்தராத ஓர் உண்மையை அவரே எனக்குச் சொல்லித்தந்தார்.

அவர் பெயர் ரொபேட் ஹொட்சன். வட கலிபோர்ணியாவின் ஹம்போல்ட் அரச பல்கலைக்கழகத்திலே கடலியற் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், புள்ளிவிபரவியலிலும் தேர்ந்தவர். விஞ்ஞானம் அவருக்குத் தொழில். வைன் அவருக்கு ஆசை. அந்த ஆசை முற்றி, 1976 இல் பீல்ட்புறூக் என்னும் இடத்திலே வைன் தயாரிக்கும் சிறியதோர் ஆலையையே தொடங்கிவிட்டார். தயாரித்தவர் சுவைத்தார், சுவைத்தவர் பிறருடைய தீர்ப்பையும் அறிய விரும்பினார். அமெரிக்காவிலே ஆண்டுதோறும் பல வைன் போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றுக்குத் தமது போத்தல்களை அனுப்பிவைத்தார். ஓரிடத்திலே தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே வைன் வேறோரிடத்திலே வெண்கலத்துக்கும் தகுதியற்றதென்று தள்ளப்பட்டது.

நம்மவராயின் என்ன செய்திருப்போம்? தங்கம் தந்தவரை இரசிகரென்றும், தள்ளியவரைப் பொறாமைக்காரரென்றும் சொல்லி ஆறுதலடைந்திருப்போம். ஹொட்சனோ விஞ்ஞானியாக நின்று சிந்தித்தார். பானம் ஒன்று, தீர்ப்பு இரண்டு. அப்படியானால் வேறுபாடு பானத்தில் இல்லை, நாவில் இருக்கவேண்டும். நாவை அளப்பது எவ்வாறு?

கலிபோர்ணியா மாநிலக் கண்காட்சியின் வைன் போட்டி அந்நாட்டின் பெரும் போட்டிகளுள் ஒன்று. அங்கே நீதிபதிகளாக இருப்பவர்கள் நம்மைப்போன்ற பாமரர் அல்லர். வைன் தயாரிப்போர், விற்போர், அதைப்பற்றி எழுதுவோர், கற்பிப்போர். 2005 ஆம் ஆண்டு தொடக்கம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 65 முதல் 70 வரையான நீதிபதிகளை ஹொட்சன் ஒரு சோதனைக்கு உட்படுத்தினார். நால்வர் கொண்ட ஒவ்வொரு குழுவின் முன்னும் ஏறக்குறைய 30 கிண்ணங்கள் வைக்கப்பட்டன. அவற்றுள் மூன்று கிண்ணங்கள் ஒரே போத்தலிலிருந்து வார்க்கப்பட்டவை. எவை அந்த மூன்று என்பது சுவைப்போருக்குத் தெரியாது. அவ்வளவுதான் சோதனை. நான்காண்டு முடிவுகளை 2008 இல் வைன் பொருளியலுக்கென்றே நடத்தப்படும் ஆய்விதழொன்றிலே வெளியிட்டார்.

அந்த முடிவுகளை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே போத்தலின் மூன்று கிண்ணங்களையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் அடக்கிப் புள்ளியிட்டவர்கள் நீதிபதிகளுள் பத்தில் ஒரு பங்கினரே. வேறு பத்தில் ஒரு பங்கினர் அதே வைனுக்கு ஒருமுறை வெண்கலமும் இன்னொருமுறை தங்கமும் வழங்கியிருந்தனர். முதற் கிண்ணத்துக்கு 90 புள்ளி இட்டவர், சற்று நேரத்தின்பின் 86 இடுவதும் 94 இடுவதும் சாதாரணமாக இருந்தது. ஓராண்டிலே தடுமாறாதிருந்தவர் அடுத்த ஆண்டிலும் அவ்வாறே இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. ஒரு விடயத்தில் மாத்திரம் அவர்கள் ஓரளவு உறுதியாக நின்றார்கள்: பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்வதிலே.

அவர் அத்துடன் நிற்கவில்லை. 13 போட்டிகளின் பெறுபேறுகளை ஒப்புநோக்கி, 2009 இல் இன்னோர் ஆய்வையும் வெளியிட்டார். மூன்றுக்கு மேற்பட்ட போட்டிகளுக்கு அனுப்பப்பட்ட 2,440 வைன்களுள் 47 வீதமானவை எங்காவது ஓரிடத்தில் தங்கம் பெற்றிருந்தன. அவ்வாறு தங்கம் பெற்றவற்றுள் 84 வீதமானவை வேறோரிடத்திலே வெறுங்கையோடு திரும்பியிருந்தன. தங்கப் பதக்கத்திலே தற்செயலின் பங்கு மிகப் பெரிது என்பதே அவர் கண்ட முடிவு.

இந்தக் கதையை நான் ஆசிரியர் ஓய்வறையிலே நகைச்சுவையாக எடுத்துச் சொன்னேன். பணக்கார நாட்டுப் பெரிய மனிதர்களின் நாக்கு இவ்வளவுதான் என்று கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் கணித ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த விடைத்தாட் கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவையள் கிண்ணத்துக்குப் போடினம். நீங்கள் கட்டுரைக்குப் போடுறியள். என்ன வித்தியாசம், சேர்?"

எனக்குச் சுருக்கென்றது. வைனுக்கு நூற்றுக்கு இத்தனை என்று புள்ளியிடும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர் ரொபேட் பார்க்கர் என்னும் அமெரிக்க விமரிசகர். 1978 இல் அவர் தமது இதழைத் தொடங்கியபோது கைக்கொண்ட அந்த அளவுகோல், அமெரிக்கப் பாடசாலைகளின் புள்ளி முறையைப் பின்பற்றியது என்பதைப் பின்னர் அறிந்தேன். ஆக, நான் எள்ளி நகையாடிய அந்த வியாதி எங்கள் வகுப்பறையிலிருந்தே அங்கு சென்றிருக்கிறது!

பரீட்சைப் புள்ளிகளிலே தற்செயலுக்குள்ள பங்கை எட்ஜ்வேர்த் என்னும் பொருளியலறிஞர் 1888 இலேயே கணித்து எழுதியிருக்கிறார். 1912 இல் அமெரிக்காவிலே ஸ்ராச், எலியட் என்னும் இருவர் ஓர் ஆங்கில விடைத்தாளைப் பிரதிசெய்து 142 ஆசிரியர்களிடம் திருத்துவித்தனர். ஒருவர் 64 கொடுத்த தாளுக்கு இன்னொருவர் 98 கொடுத்தார். ஆங்கிலம் ஆதலால் இப்படி என்றனர் சிலர். அடுத்த ஆண்டு கேத்திரகணித விடைத்தாளொன்றை அவ்வாறே அனுப்பினர். அங்கே வேறுபாடு குறையவில்லை, கூடியது.

கணித ஆசிரியையும் நானும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். முந்திய ஆண்டிலே நான் திருத்திய கட்டுரைகளுள் ஐந்தை அவர் தெரிந்தெடுப்பார். அவற்றை வேறு கையெழுத்துக்களில் எழுதுவித்து, அடுத்த இரு தவணைகளிலும் என் விடைத்தாட் கட்டுக்களுக்குள் ஒவ்வொரு முறை செருகிவிடுவார். எவை, எப்போது என்று எனக்குச் சொல்லமாட்டார். ஆண்டொன்றுக்கு அறுநூறு கட்டுரைகளுக்குக் குறையாமல் திருத்துபவனுக்கு எது பழையது, எது புதியது என்று நினைவிருக்காது. ஒரேயொரு கட்டுரையை எங்கோ வாசித்ததாக ஒரு மங்கிய உணர்வு ஏற்பட்டது. பிள்ளைகள் எல்லோரும் ஒன்றையேதானே எழுதுகிறார்கள் என்று அதனையும் கடந்துவிட்டேன்.

இரண்டாந் தவணை முடிவிலே அவர் ஒரு துண்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். மிகப் பலவீனமான இரு கட்டுரைகளுக்கும் மூன்று தடவையும் ஏறத்தாழ ஒரே புள்ளி: 31, 33, 30; 28, 29, 32. மிகச் சிறந்ததற்கு 82, 80, 75. நான்காவதற்கு 74, 63, 70. ஐந்தாவதற்கு 58, 71, 66. ஐந்து கட்டுரைகளைக் கொண்டு பெரிய முடிவெதற்கும் வரலாகாது என்பதைக் கணித ஆசிரியையே எச்சரித்தார். எனினும் பிடிக்காததில் உறுதியும், நல்லவற்றுக்குள்ளே தடுமாற்றமும் ஹொட்சனின் நீதிபதிகளுக்கு மாத்திரம் உரியவை அல்ல என்பதை உணர எனக்கு அவை போதுமாயிருந்தன.

ஏன் தடுமாறினேன் என்று என்னையே விசாரித்தேன். இரவு பதினொரு மணிக்கு முப்பத்தைந்தாவது தாளாக ஒன்றை வாசித்திருப்பேன். மிக நல்ல கட்டுரையொன்றின் பின் வந்ததனால் இன்னொன்று மங்கியிருக்கும். இனிப்புத் தின்ற வாய்க்குத் தேநீர் சப்பென்றிருப்பது எல்லோரும் அறிந்ததே. கண்ணும் நாவை ஏமாற்றும். பிரான்சின் போர்தோ நகரிலே வைன்கலை பயின்ற 54 மாணவர்களுக்கு, வெள்ளை வைனுக்கு மணமற்ற சிவப்புச் சாயமூட்டிக் கொடுத்தபோது, சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே அவர்கள் அதனை வருணித்தார்கள் என்று 2001 இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. என் முன்னுள்ள தாளின் சாயம் கையெழுத்து. 58 பெற்ற அந்த ஐந்தாவது கட்டுரை, அதை எழுதிய மாணவனின் சொந்தக் கையெழுத்திலே கோழி கிளறிய முற்றம் போல இருந்தது. கணித ஆசிரியையின் மகள் அழகாகப் பிரதிசெய்தபோது அதற்கு நான் 71 கொடுத்திருக்கிறேன்.

'எங்கள் கிணறு' என்பது அதன் தலைப்பு. கோடையிலே உவராகிவிடும் கிணற்றைப் பற்றியும், விடியுமுன் நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடந்துவிட்டு, அதன்பின் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிவேலைக்குப் போகும் தாயைப் பற்றியும் அவன் எழுதியிருந்தான். இப்போது மூன்று பிரதிகளையும் அருகருகே வைத்து வாசித்தேன். அது 71க்கும் மேலான கட்டுரை என்றே தோன்றிற்று. ஆனால் அப்படித் தோன்றும் என் மனத்தை இனி எந்த அளவுக்கு நம்புவது?

அவன் இப்போது உயர்தர வகுப்பிலே தொழில்நுட்பப் பிரிவிற் படிக்கிறான். மைதானத்தோரம் கண்டபோது, தமிழை ஏன் ஒரு பாடமாக எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"எடுக்கிறதெண்டுதான் இருந்தனான், சேர். அந்தக் கட்டுரைக்கு நீங்கள் 58 போட்டனீங்கள். அப்ப எனக்கு விளங்கீட்டுது, இது நமக்குச் சரிவராதெண்டு."

குற்றஞ்சாட்டும் தொனியிலே அவன் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னான். நான் உண்மையை அவனிடம் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்ப 71 ஆ, சேர்?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு மறுமொழி என்னிடம் இல்லை.

தமிழுலகிலும் ஒரு தீர்ப்புக் கதை உண்டு. இறையனார் களவியலுக்குப் புலவர்கள் கண்ட உரைகளுள் மெய்யுரை எது என்று துணிவதற்கு, உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவன் முன்னிலையில் அவற்றை வாசித்தார்களாம். நக்கீரரின் உரையைக் கேட்டபோது சொற்றோறும் அவன் கண்ணீர் வார மெய்சிலிர்த்தான் என்பர். பல்கலைக்கழகத்திலே இக்கதையைப் படித்தபோது புராணப் பாங்கானதென்று ஒதுக்கிவிட்டேன். இன்று அதில் ஒரு நுட்பம் தெரிகிறது. அவனுக்குச் சுவைக்கத் தெரிந்தது. ஆனால் அவன் எண் எதையும் சொல்லவில்லை. சுவை பொய்யன்று. ஹொட்சனும் வைனைப் பொய்யென்று சொல்லவில்லை. சுவையின்மேல் நாம் ஒட்டுகின்ற எண்ணிலே, அந்த எண்ணின் போலி நிச்சயத்திலேதான் பொய் இருக்கிறது.

இந்தத் தற்செயல் எல்லோரையும் ஒரேவிதமாகத்தானே தாக்குகிறது, இதிலே ஏழை பணக்காரன் என்ற பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஹொட்சனின் இரண்டாம் ஆய்விலேயே விடை இருக்கிறது. பல போட்டிகளுக்கு அனுப்பப்பட்ட வைன்களிலே பாதிக்குச் சற்றுக் குறைவானவை எங்கோ ஓரிடத்தில் தங்கம் பெற்றன அல்லவா? ஆகவே நுழைவுக் கட்டணம் கட்டவல்லவர் பல போட்டிகளுக்கு அனுப்பலாம். என்றோ ஒருநாள் வரும் தங்கத்தைப் போத்தலிலே ஒட்டி விற்கலாம். ஒரு போட்டிக்கு மட்டும் அனுப்ப முடிந்தவருக்கு அந்த ஒரு நாவே விதி. நம் நாட்டிலும் அவ்வாறே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மீண்டும் ஒரு தடவை பரீட்சை, தனியார் வகுப்பு, தனியார் கல்வி நிறுவனம், வெளிநாடு எனப் பல கிண்ணங்கள். கூலிக்காரியின் மகனுக்கு ஒரே கிண்ணம்.

பல்கலைக்கழக அனுமதிக்குரிய 'இசட்' புள்ளியை நான்கு தசம தானங்கள் வரையிலே வெளியிடுகிறோம். மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு நாலாந் தசம தானத்திலே தவறிய பிள்ளை வீட்டில் விழுந்து அழுகிறது. பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்த வந்த அந்தக் கணக்கை நான் குறைகூறவில்லை. பொதுப் பரீட்சைகளிலே புள்ளித்திட்டமும் பிரதம பரீட்சகரின் மேற்பார்வையும் உள்ளன என்பதையும் அறிவேன். ஆனால் எத்துணை நுண்மையான கணக்கும் இறுதியில் ஒரு மனிதனின் சிவப்புப் பேனாவிலிருந்து புறப்படுகிறது. அந்தப் பேனா 58க்கும் 71க்கும் இடையிலே அசையும் என்றால், நாலாந் தசம தானத்திலே நாம் எதனை அளந்துவிட்டோம்?

ஹொட்சனை நான் மதிப்பது அவர் பிறரது தடுமாற்றத்தை அம்பலப்படுத்தியதற்காக மாத்திரமல்ல. தாம் நேசித்த ஒன்றையே அவர் சோதனைக்கு வைத்தார். போட்டியை நடத்தியவர்களும் தம் நீதிபதிகளைச் சோதிக்க இடங்கொடுத்தார்கள். இந்த இரண்டாவது பண்பே நமக்கு இன்று மிக வேண்டியது. பரீட்சை நடத்துவோரே, திருத்துவோரின் அறிவோடு, ஒரே விடைத்தாளை இருமுறை கலந்துவிட்டுப் பார்க்கட்டும். பெறுபேற்றை ஒளிக்காமல் வெளியிடட்டும். ஒருவரையொருவர் கேளாமல் நால்வர் தனித்தனியே புள்ளியிட்டுச் சராசரி கண்டால், தற்செயற் பிழை ஏறத்தாழப் பாதியாகும் என்பது புள்ளிவிபரவியலின் பாலபாடம். நால்வருக்கு வழியில்லையேல் இருவராவது வாசிக்கட்டும். அதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும் என்பர். ஆம், வேண்டும். ஒரு பிள்ளையின் வாழ்வைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது மலிவான காரியமாக இருக்கவேண்டுமென்று யார் சொன்னது?

என் அளவிலே சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்குப் பின் திருத்துவதில்லை. ஒரே நாளில் பதினைந்து கட்டுரைகளுக்கு மேல் எடுப்பதில்லை. எல்லைக்கோட்டிலுள்ள தாளை, என் புள்ளியை மறைத்து, பக்கத்து வகுப்புத் தமிழாசிரியைக்கும் கொடுக்கிறேன். அவருடையதை நான் வாசிக்கிறேன். பெரும்பாலும் எங்கள் எண்கள் ஒத்துப்போவதில்லை. அப்போது இருவரும் அமர்ந்து அந்தப் பிள்ளை என்னதான் எழுதியிருக்கிறது என்று மீண்டும் வாசிக்கிறோம். புள்ளியின் கீழே இரண்டு வரி எழுதுகிறேன்: எந்த இடம் என்னைத் தொட்டது, எந்த இடம் தளர்ந்தது என்று.

'எங்கள் கிணறு' கட்டுரையின் மூலப் பிரதியிலும் 58ஐ வெட்டாமல், அதன் கீழே அவ்வாறு இரண்டு வரி எழுதி, அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.