சின்ன விமானமும் பெரிய கப்பலும்

பாரம் குறைந்த பொருள் எங்கு வேண்டுமானாலும் போகும் என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மாட்டு வண்டி நுழையாத சந்தில் சைக்கிள் நுழைகிறதல்லவா? அந்த நியாயப்படி, விமானந்தாங்கிக் கப்பலுக்கு இலேசான ஜெட் விமானமே சாலச் சிறந்ததாகத் தோன்றும். ஆனால் சமுத்திரமோ நம்முடைய தர்க்க சாஸ்திரத்தை வாசித்ததில்லை.

கப்பலில் விமானம் இறங்கும் காட்சியைப் படத்தில் பார்த்தபோது எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றுவிட்டது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வரும் விமானம், மேல்தளத்தின் குறுக்கே கட்டிய எஃகு வடத்தை வால் கொக்கியால் பற்றி, சுமார் 100 மீட்டருக்குள் நின்றாக வேண்டும். தரையில் இறங்குவதுபோல் மெல்லத் தொட இயலாது. தொப்பென்று விழ வேண்டும். அந்த அதிர்ச்சியைத் தாங்கச் சக்கரக் கால்கள் தடித்திருக்க வேண்டும்; உடற்கூடும் உறுதிப்பட வேண்டும். வடம் தவறினால் மறுபடி எழும்பிச் சுற்றிவர எரிபொருளும் மிச்சமிருக்க வேண்டும். இவை அத்தனையும் பாரமே.

நம் நாட்டுத் தேஜஸ் விமானம் முதலில் விமானப் படைக்கென்று, நிலத்தை நினைத்து வகுக்கப்பட்டது. அதன் கடற்படை உருவம் 2012 ஏப்ரலில் முதன்முதலாகப் பறந்தது. அதற்கு எஞ்சின் ஒன்றுதான். நம்முடைய விக்ரமாதித்யா, விக்ராந்த் கப்பல்களிலோ விமானத்தை வீசியெறியும் பொறி கிடையாது. முனையில் மேல்நோக்கி வளைந்த தளத்தில் ஓடி, தன் பலத்தாலேயே எழும்ப வேண்டும். கால் தடிக்கத் தடிக்க, ஆயுதத்துக்கும் எரிபொருளுக்கும் உரிய பங்கு குறைந்தது. 2016 டிசம்பரில் கடற்படைத் தளபதி சுனில் லான்பா, பாரம் மிகுந்த இவ்விமானம் கப்பலுக்கு ஏற்றதன்று என்று வெளிப்படையாகவே கூறினார்.

என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுக் கொதித்தார். "சுதேசிப் பொருளைச் சொந்த வீட்டிலேயே ஒதுக்கலாமா, ஐயா?" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதில் ஏறி நடுக்கடலுக்கு மேல் பறப்பவன் ஒரு தாயின் பிள்ளை. போதிய ஆயுதமும் எரிபொருளும் இன்றி அவன் போகவேண்டும் என்று கோருவது தேசபக்தியாகாது.

அப்படியானால் சிறிய விமானம் கப்பலுக்கு உதவவே உதவாதா? உதவியிருக்கிறது. அமெரிக்காவில் எட் ஹைனமன் என்பவர் வகுத்த ஸ்கைஹாக் 1956-இல் கடற்படையிற் சேர்ந்தது. கடற்படை அனுமதித்த பாரத்தில் ஏறக்குறையப் பாதிதான் அதன் பாரம். சிறகை மடிக்காமலே கப்பலுக்குள் அடங்கிற்று. அது கடலுக்கென்றே பிறந்தது. கப்பலிலிருந்த வீசியெறியும் பொறியும் அதற்குத் துணை நின்றது. ஆகவே சிறிய உருவம் ஒரு குற்றமன்று. நிலத்துக்கென்று வகுத்ததைப் பிற்பாடு கடலுக்குத் திருத்துவதில்தான் சங்கடம் எல்லாம்.

தேஜஸ் முயற்சியும் வீண்போகவில்லை. 2020 ஜனவரி 11-ஆம் தேதி அது விக்ரமாதித்யாவில் வடம் பற்றி இறங்கியது. 2023 பிப்ரவரியில் விக்ராந்திலும் இறங்கியது. அந்த அநுபவத்தைக் கொண்டு, கப்பலுக்கென்றே இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றை வகுக்கும் பணி தொடங்கிற்று. இடைக்காலத் தேவைக்காக 2025 ஏப்ரலில் பிரான்ஸ் தேசத்தோடு 26 ரஃபேல் விமானங்களுக்கு ஒப்பந்தமாயிற்று. பிறரிடம் வாங்கியதில் எனக்கு வெட்கமில்லை. வாங்கிய திருப்தியில் நம் சொந்த முயற்சியை நடுவழியில் கைவிட்டோமானால், அதுதான் வெட்கம்.