பேரேட்டுப் பிழை

2001. எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர். நிஜமான ஓர் இடத்துக்குத்தான் புரோகிராம் செய்து சர்டிபிகேட் வாங்கி வரணும் என்றார்கள். காசுள்ள பையன்கள் ரெடிமேடாக வாங்கிக்கொண்டார்கள். நான் போனது திருவள்ளூர் பக்கம் அப்பா கல் அறுக்கிற சூளைக்கு.

"யாரு மவன்டா?" என்றார் முதலாளி. சொன்னேன். நாற்காலி வரவில்லை. நின்றுகொண்டே குறித்தேன்: அட்வான்ஸ், ஆயிரம் கல்லுக்குக் கூலி, வாரப் பிடித்தம், பாக்கி.

அக்சஸில் டேபிள், விசுவல் பேசிக் 6-ல் ஃபார்ம். ஓட்டினால் 11 பேர் கணக்கு பேரேட்டோடு ஒத்துவரவில்லை. கோடிங்கில்தான் தப்பென்று மூன்று ராத்திரி தேடினேன். தப்பு பேரேட்டில். பிடித்த பணம் பாக்கியில் கழியவே இல்லை. 11 பேரில் அப்பாவும் ஒருவர்.

"கிளையன்ட் சொல்றதுதாம்ப்பா சரி, மாத்திடு" என்றார் கைடு. கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்தாயிற்று என்று படித்தவர்கள்தாம் நாங்கள் எல்லாரும்.

மாற்றினேன். சர்டிபிகேட் வேண்டுமே. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. மாற்றுமுன் 11 பேர் கணக்கையும் பிரின்ட் எடுத்து வைத்திருந்தேன். வீட்டில் படித்துக் காட்டினேன்.

எழுத்தறியாத அப்பா தாளைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அப்ப நம்ம கடன் தீந்து ரெண்டு வருசமாச்சாடா?"

மறுநாள் விடிகாலை அந்தத் தாள்களோடு மற்ற 10 வீட்டுக்கும் போனோம்.