எய்தவர் கொடியில் எய்யப்பட்டவர்

ஈழத்தில் 'துவக்கு' என்ற சொல் காதில் விழுந்ததும் தொடக்கம் என்ற பொருள் எவர்க்கும் நினைவில் எழுவதில்லை. நீண்ட போர்க்காலம் அச்சொல்லின் மற்றப் பொருளையே எமது செவிகளில் ஆழப் பதித்துவிட்டது. ஆயினும் போருக்கு முன்னரே வன்னிக் கிராமங்களில் ஒரு துவக்கு இருந்தது. 'இடியன்' என்பது அதன் பெயர். குழலின் வாய்வழியே மருந்தையும் ஈயத்தையும் இட்டு, கோலால் இடித்து இறுக்கிச் சுடும் எளிய கருவி அது. பயிரை அழிக்க வரும் காட்டுப்பன்றிக்காக உழவர் அதை வைத்திருந்தனர். ஏழையின் பழங்கருவி என்றே நாம் அதனை எண்ணியிருந்தோம்.

அந்த இடியனின் உடன்பிறப்புகளை நாம் மீண்டும் கண்டது ஜேர்மனி நாட்டில். 2017ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் வெஸ்ற்பாலியாப் பகுதியில் பங்குப்பணி ஆற்றும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. அங்குள்ள கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் துவக்குச் சகோதர சபைகள் உண்டு. ஊரையும் ஆலயத்தையும் திருப்பவனிகளையும் காப்பதற்கென முன்னோர் அமைத்த காவற் சங்கங்களின் வழித்தோன்றல்கள் இவை. விசுவாசம், ஒழுக்கம், தாயகம் என்னும் மூன்றும் இவற்றின் குறிக்கோள். 2015ஆம் ஆண்டில் இம்மரபு அந்நாட்டின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு சபைக்கும் ஆன்மீக வழிகாட்டி ஒருவர் இருப்பார். வழக்கமாக அவர் ஒரு குருவானவர். எமது பங்கில் அப்பொறுப்பு எம்மிடம் வந்து சேர்ந்தது. போரிலிருந்து வந்தவர் துவக்குச் சபைக்கு வழிகாட்டி! ஆண்டவரின் திட்டத்தில் நகைச்சுவைக்கும் இடமுண்டு போலும்.

சபையினருட் பெரும்பாலோர் காற்றுத்துவக்கையே பயன்படுத்தினர். முதியவர் ஐந்தாறு பேர் மட்டும் சனிக்கிழமைகளில் கருமருந்துத் துவக்குகளுடன் கூடுவர். அவர்கள் மருந்திடும் முறையை நாம் பலமுறை அருகில் அமர்ந்து பார்த்திருக்கின்றோம். வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்த மருந்து, ஒவ்வொரு வெடிக்கும் உரிய அளவில், சிறு குழாய்களில் தனித்தனியே அடைக்கப்பட்டிருக்கும். மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலுக்குள் கொட்டுவது கூடாது. முந்திய வெடியின் கங்கு ஒன்று குழலுக்குள் அணையாதிருந்தால் குடுவை முழுவதும் கையிலேயே வெடித்துவிடும். மருந்துக்கு மேல் எண்ணெய் தோய்ந்த துணித்துண்டு, அதில் பொதிந்த ஈயக்குண்டு, பின்னர் இடிகோல். ஒவ்வொரு முறையும் அதே அழுத்தம், அதே ஆழம். இறுதியாகச் செப்புத் தொப்பி. விசையை இழுத்ததும் பெருமுழக்கம், கந்தக நெடி, அடர்ந்த வெண்புகை. தாம் சுட்டது பட்டதா, தவறியதா என்பதைப் புகை கலையும் வரை சுட்டவரும் அறியார்.

சர்வதேசப் போட்டிகளில் முப்பது நிமிடத்துக்குள் பதின்மூன்று வெடிகள். அவற்றுள் சிறந்த பத்துக்கே புள்ளி வழங்கப்படும். மூன்று தவறுகளை மன்னித்துவிடும் அவ்விதி எமக்கு மிகவும் பிடித்திருந்தது. மாலையில் ஒவ்வொருவரும் வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு தத்தம் குழலைக் கழுவுவர். கருமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். ஆதலால் கழுவும் வேலையை மறுநாளைக்கு ஒத்திவைக்க இயலாது. அன்றன்றைய கசடை அன்றன்றே அகற்ற வேண்டும் என்பதை ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றி நாம் ஆற்றிய மறையுரைகளை விட அந்த முதியவர்களின் கைகள் நன்கு அறிந்திருந்தன.

அந்நாட்டுச் சட்டத்திலும் ஒரு விந்தை உண்டு. 1871ஆம் ஆண்டுக்கு முந்திய வடிவமைப்பைக் கொண்ட, தொப்பியால் வெடிக்கும் ஒற்றைவெடித் துவக்கை, பதினெட்டு வயது நிரம்பிய எவரும் அனுமதிப்பத்திரம் இன்றி வாங்கலாம். அதற்கு இடும் மருந்தை வாங்குவதற்கோ பயிற்சியும் தேர்வும் அரச அனுமதியும் வேண்டும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது எமது முதுமொழி. அச்சட்டம் அம்பை நோகவில்லை. அம்பை உந்தும் ஆற்றலைக் கண்காணிக்கின்றது. மனிதருக்குள் உறங்கும் மருந்தைக் கண்காணிக்கும் பயிற்சிகளும் தேர்வுகளும் எங்கே என்று நாம் எண்ணியதுண்டு.

இவற்றையெல்லாம் கண்டபோது, இத்துவக்கின் தாமதமே அதன் அறம் என்று ஒரு மறையுரை எழுதிவிடும் ஆவல் எமக்குள் எழுந்தது. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே சினம் தணியப் போதிய நேரம் உண்டு. பொறுமையைக் கற்பிக்கும் கருவி இது என்று எழுதலாம். எழுதினால் வாசிப்பவர் மகிழ்வர். ஆனால் வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 1813ஆம் ஆண்டு ஒக்ரோபரில் லைப்சிக் நகரைச் சூழ நான்கு நாட்கள் நடந்த பெரும்போரில் காலாட்படையினர் ஏந்தியவை வாய்வழி மருந்திட்ட துவக்குகளே. பழகிய வீரன் ஒரு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை சுட்டான். பல்லாயிரம் பேர் மடிந்தனர். மருந்திட எடுத்த நேரத்தில் எவரது உள்ளமும் தணிந்துவிடவில்லை. பழையது என்பதால் ஓர் ஆயுதம் பரிசுத்தம் அடைவதில்லை. மெதுவானது என்பதாலும் அடைவதில்லை.

திருச்சபையினராகிய எமக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. ஐரோப்பாவில் கருமருந்தைக் கண்டறிந்தவர் பெர்த்தோல்ட் ஷ்வார்ட்ஸ் என்னும் துறவி என்பது ஜேர்மனியரின் பழங்கதை. வரலாற்றுச் சான்று அதற்குப் போதாது. மருந்து சீனாவில் பிறந்தது. ஆயினும் ஃபிரைபுர்க் நகரின் நடுவே அத்துறவிக்குச் சிலை நிற்கின்றது. தட்டினால் வெடிக்கும் பொறிமுறைக்கு 1807இல் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் ஃபோர்சித், ஸ்கொட்லாந்தில் ஒரு சபையின் போதகர். பழைய துவக்கின் தீப்பொறியைக் கண்டு பறவைகள் தப்பிவிடுகின்றனவே என்ற வேட்டைக்காரரின் கவலையே அவரை அதற்குத் தூண்டியது. பறவைக்காகப் பிறந்த பொறிமுறையைப் பின்னர் படைகள் எடுத்துக்கொண்டன. ஆலயத்தின் கைகளிலும் கரிப்பொடி உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை, சபையின் மிக மூத்த உறுப்பினர் மருந்திட்ட தமது துவக்கை எம்மிடம் நீட்டினார். "ஹெர் பாஸ்டர், ஒரு முறை சுட்டுப் பாருங்கள்" என்றார். நாம் மறுத்தோம். அவர் வற்புறுத்தவில்லை. துவக்கைச் சுட்டு வெறுமையாக்கிவிட்டு வந்து எம்மருகே அமர்ந்தார். 1945இல் போர் முடிந்தபோது தமக்கு எட்டு வயது என்றார். கிழக்குப் போர்முனைக்குச் சென்ற தந்தை திரும்பவில்லை. வென்ற நாடுகள் ஊரிலிருந்த துவக்குகள் அனைத்தையும் கையகப்படுத்தின, சபைகளும் தடைசெய்யப்பட்டன. அந்நாட்டின் துவக்குச் சங்கங்களின் தேசிய அமைப்பு மீண்டும் உயிர்பெற்றது 1951ஆம் ஆண்டிலேதான்.

"மீண்டும் துவக்கைத் தொடுவதற்கு உங்கள் தாயார் சம்மதித்தாரா?" என்று கேட்டோம்.

"இல்லை. அவர் இறக்கும்வரை நான் தொடவில்லை. இப்போதும் மனிதவடிவம் வரைந்த இலக்கை நோக்கி நான் சுடுவதில்லை. வட்டங்கள் மட்டுமே" என்றார். பின்னர், "உங்களுக்கு விருப்பமானால் இலக்கைப் பார்த்து வரலாம்" என்றார்.

துவக்குகள் அனைத்தும் கீழே வைக்கப்பட்டன. எல்லோரும் பின்னே விலகிய பின்னர், நாம் இருவரும் மண்மேட்டின் அடிவாரத்துக்கு நடந்தோம். அட்டையில் துளைகள் இருந்தன. அவர் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார். நாமோ திரும்பி, வந்த திசையை நோக்கினோம். ஐம்பது மீற்றர் எவ்வளவு குறுகிய தொலைவு என்பது இலக்கின் அருகே நின்று திரும்பிப் பார்ப்பவருக்கே விளங்கும். அங்கிருந்து ஒவ்வொருவரின் முகமும் தெரிந்தது. 1999ஆம் ஆண்டு நவம்பரில் மடுத் திருத்தலத்தில் தஞ்சம் அடைந்திருந்த எமது மக்கள்மேல் எறிகணை வீழ்ந்தபோது, ஏவியவரின் முகத்தை அவர்கள் காணவில்லை. ஏவியவரும் அவர்களைக் காணவில்லை. நவீனப் போரின் பாவங்களுள் கொடியது இந்தக் காணாமைதானோ என்று அவ்விடத்தில் எமக்குத் தோன்றியது.

திரும்பும் வழியில், சபையின் மண்டபச் சுவரில் தொங்கிய கொடி எமது கண்ணில் பட்டது. பலமுறை கண்ட கொடியே. அதில் புனித செபஸ்தியார் மரத்தில் கட்டுண்டு, உடலெங்கும் அம்புகள் தைத்தவராய் நின்றார். எமது மன்னார் பேராலயத்தின் பாதுகாவலரும் அவரே. சிறுவயது முதல் நாம் மன்றாடிய புனிதர். ஆயினும் சுடுவோரின் கொடியில் அவர் நிற்பதன் பொருளை அன்றுதான் சிந்தித்தோம். மரபின்படி அவர் உரோமைப் பேரரசின் படைவீரர். ஆனால் அவர் எய்த அம்பு ஒன்றையேனும் எவரும் நினைவுகூர்வதில்லை. அவர்மேல் பாய்ந்த அம்புகளையே நினைவுகூர்கின்றோம். அம்பு அவரது அடையாளமாதலால் வில்லாளர் சங்கங்கள் அவரைத் தெரிந்துகொண்டன என்று இதற்கு எளிதாக விளக்கம் கூறிவிடலாம். காரணம் அதுவே ஆகட்டும். எய்யத் தெரிந்தவர்கள், குறிதவறாத வீரன் ஒருவனைத் தமது கொடியில் வைக்கவில்லை; எய்யப்பட்டவரை வைத்தார்கள். ஆண்டுதோறும் ஜனவரி 20ஆம் நாள், துவக்கேந்தும் கைகள் அம்பு தைத்த உடலுக்கு முன்னே குவிகின்றன. ஆயுதத்தைக் கைக்கொள்ளும் சமூகம் ஒன்று தன்னை மீட்டுக்கொள்ள வழி உண்டெனில், அது இலக்கின் பக்கத்தில் நிற்பவரை மறவாதிருப்பதே.

இது வெறும் சடங்கன்று என்பதை நாம் 2019இல் கண்டோம். ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாக் காலையில், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியில் புனித செபஸ்தியாரின் ஆலயத்திலேயே குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுநாட் திருப்பலிக்குச் சபையினர் தமது கொடியில் கறுப்புத் துணி கட்டி வந்தனர். அடுத்த சனிக்கிழமை மருந்துப் பெட்டிகள் திறக்கப்படவில்லை. எவரும் கட்டளையிடவில்லை. முதியவர்கள் வழக்கமான வேளையில் வந்து, குண்டுகளுக்கும் தொப்பிகளுக்கும் செலவிடும் பணத்தை ஓர் உறையில் இட்டு எம்மிடம் தந்தனர். "எங்கள் புனிதரின் வீடல்லவா" என்று மட்டுமே அந்த மூத்தவர் சொன்னார்.

போர் ஓய்ந்த எமது மண்ணில் துவக்கொலி இன்று அரிது. ஆயினும் நாம் ஒவ்வொருவரும் சொல்லாலும் எழுத்தாலும் நாள்தோறும் எவரையேனும் குறிபார்த்துக்கொண்டுதான் இருக்கின்றோம். இக்காலத்து எய்தல்களுக்கு மருந்திடும் நேரமும் வேண்டியதில்லை, புகையும் எழுவதில்லை. எய்யுமுன் ஒருமுறை ஐம்பது மீற்றர் நடந்து, மறுபக்கத்தில் நின்று, நமது முகம் அங்கிருந்து எவ்வாறு தெரிகின்றது என்று பார்த்து வருவோமாக.