நாம் வாங்கிய மோட்டார் சைக்கிள்

எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில் ஸ்கூட்டர் இல்லாத இல்லம் அரிது. தொட்டதோகூரின் சந்துகளிலும் கோனப்பன அக்ரஹாரத்தின் நெரிசலிலும் அதற்கு நிகரான வாகனம் வேறில்லை. பிள்ளையை முன்னே நிறுத்தி, இல்லத்தரசியைப் பின்னே அமர்த்தி, கால் வைக்கும் தட்டில் இருபத்தைந்து கிலோ அரிசிப் பையையும் ஏற்றிக்கொண்டு நாமும் ஒன்பது ஆண்டுகள் காலம் தள்ளினோம். முன்னே நின்ற பிள்ளைக்கு இப்போது பத்து வயது. அவள் தலை நம் கண்ணை மறைக்கும் அளவிற்கு வளர்ந்த பின்னும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மறுத்து வந்தாள் என்பது வேறு கதை.

அத்தகைய வண்டியை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு ஏன் மாறினோம் என்று சங்கத்து அன்பர் சிலர் வினவினர். அலுவலகம் செல்வதற்கன்று. 2025 ஆகஸ்ட் 10-ஆம் நாள் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மஞ்சள் தட மெட்ரோ திறந்து வைக்கப்பட்ட பின்பு அந்தக் கவலை பெருமளவு தீர்ந்துவிட்டது. நம் தாயார் சூளகிரிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் தனியே வாழ்கிறார். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஐந்து கிலோமீட்டர் உள்ளே செல்ல வேண்டும். இரவில் அங்கே பேருந்து இல்லை. நமக்கோ வாரத்தில் கிடைக்கும் ஓய்வு நாள் முறைப்பணியைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே, நினைத்த நேரத்தில் புறப்பட்டுச் செல்லச் சொந்த வண்டிதான் கைகொடுத்து வந்தது.

2025 ஆடி மாதத்தில் ஒரு மாலை, தாயாருக்குக் காய்ச்சல் என்று செய்தி வர, தூறலில் புறப்பட்டோம். அத்திப்பள்ளியைக் கடந்ததும் நீர் நிறைந்த ஒரு குழி. நீர் தெரிந்தது, ஆழம் தெரியவில்லை. முன் சக்கரம் அதில் இறங்கிய மறுகணம் நாம் சாலையில் கிடந்தோம். பின்னால் வந்த சரக்கு லாரியின் ஓட்டுநர் விழிப்புள்ளவர். வண்டியை ஒடித்து நிறுத்தி, இறங்கி வந்து, கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "சார், இந்த ரோட்டுக்கு இந்தச் சக்கரம் பத்தாது" என்றார். முழங்கை சிராய்ந்ததோடு போயிற்று. அவர் கூறிய சொல் மட்டும் உடன் வந்தது.

அவர் கூற்று முற்றும் உண்மை. ஸ்கூட்டரின் சக்கர வளையம் பெரும்பாலும் 10 அங்குலம் அல்லது 12 அங்குலம். மோட்டார் சைக்கிளுக்கு 17 அல்லது 18. பெரிய சக்கரம் குழியின் விளிம்பில் ஏறிக் கடந்துவிடும். சிறிய சக்கரம் குழிக்குள் இறங்கி எதிர் விளிம்பில் முட்டும். அன்றியும், ஸ்கூட்டரின் எஞ்சின் பின்புறமே தங்கிவிடுவதால் முன்புறம் இலேசாகி, பெரிய லாரி பக்கத்தில் விரைந்து கடக்கும்போது கைப்பிடி நடுங்கும். மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமே என்றார் ஒரு நண்பர். ஓசூரிலேயே ஏத்தர் தொழிற்சாலையும், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலா தொழிற்சாலையும் இருக்கின்றன. நமக்கும் ஊர்ப்பற்று உண்டு. ஆயினும் அவற்றின் சக்கரமும் சிறியதுதானே?

மோட்டார் சைக்கிள் என்று உறுதியானதும் நம் மனம் ஓடியது புல்லட்டின்பால்தான். ஒளிப்பானேன்? 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா தோன்றியது முதல் திருவொற்றியூரிலிருந்து புறப்பட்ட அந்த வண்டியின் ஓசை, தமிழ்நாட்டில் எத்தனையோ சிறுவர்களைத் தெருவிற்கு ஓடி வரச் செய்திருக்கிறது. மைசூரில் 1960-களின் தொடக்கம் முதல் 1996 வரை உருவான ஜாவாவும் எஸ்டியும் அவ்வாறே கன்னட நாட்டவர் நெஞ்சில் நிற்பவை. நம் சிற்றூரின் கால்நடை மருத்துவர் புல்லட்டில்தான் வருவார். மாட்டைப் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பார்க்கக் கூட்டம் கூடும். அக்கூட்டத்தில் நின்ற சிறுவன் முப்பத்தாறு வயதிலும் முற்றிலும் மறையவில்லை போலும்.

இந்த நிலையில்தான் ஒரு தடை எதிர்ப்பட்டது. நம்மிடமிருந்த ஓட்டுநர் உரிமம் கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே செல்லும்! ஸ்கூட்டர் ஒன்றையே ஓட்டிய அன்பர் பலர் தம் உரிமத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நலம். கியருள்ள மோட்டார் சைக்கிளை அதைக் கொண்டு ஓட்டுவது குற்றமாகும். விபத்து நேரிட்டால் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் சிக்கல் விளையும். மீண்டும் பழகுநர் உரிமம் பெற்றோம். அது ஆறு மாதம் செல்லும். பெற்ற முப்பது நாட்களுக்குப் பின்னரே தேர்வுக்குச் செல்ல இயலும். அந்த முப்பது நாளும் பழகுவதற்கே பயன்பட்டன.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எலெக்ட்ரானிக் சிட்டி முதற்கட்டத்தின் உட்சாலைகளைக் கண்டவர்க்கே அவற்றின் அழகு விளங்கும். கணினி நிறுவனங்கள் உறங்கும் அந்த வேளையில் அகன்ற சாலைகளில் நாய்களும் நடைப்பயிற்சி செய்வோருமே இருப்பர். சேலத்தைச் சேர்ந்த எதிர்வீட்டு அண்ணன் தம்முடைய 100 சி.சி. வண்டியைக் கொடுத்து உடன் வந்தார். கிளச்சைப் பிடித்து, கியரை மாற்றி, மெல்ல விடுவதை இரண்டே வாரத்தில் கற்றுவிட்டோம். கற்க வேண்டியது அரிதன்று. மறக்க வேண்டியதே அரிதாயிருந்தது. ஸ்கூட்டரில் இடக்கைப் பிடி பின் பிரேக். மோட்டார் சைக்கிளில் அதே இடத்தில் இருப்பது கிளச். பின் பிரேக்கோ வலக்காலுக்குப் போய்விட்டது. ஒருநாள் நீலாத்ரி சாலையில் ஒரு பையன் குறுக்கே ஓடினான். ஒன்பதாண்டுப் பழக்கத்தில் இடக்கையை இறுகப் பற்றினோம். எஞ்சினின் பிடி விட்டதேயன்றி வண்டி நிற்கவில்லை. அண்ணன் பின்னாலிருந்து "கால், தம்பி, கால்!" என்று கூவினார். பையன் பிழைத்தான். அன்று முதல் வண்டியில் ஏறியதும் வலக்காலால் மும்முறை மிதித்துப் பார்த்த பின்னரே சாவியைத் திருப்புவது நம் வழக்கமாயிற்று.

புல்லட் ஆசை அதே அண்ணனின் தம்பியால் தீர்ந்தது. அவரிடம் 350 சி.சி. வண்டி இருந்தது. நேர்ச்சாலையில் அது யானை நடப்பதுபோல் அமைதியாகச் சென்றது, உள்ளம் பூரித்தது. ஆனால் வீட்டு வாயிலின் சரிவில் திருப்பும்போது கால் தரையில் சரியாகப் பதியவில்லை. ஸ்கூட்டரின் எடை நூறு கிலோவிற்குச் சற்றே மேல். இதன் எடை ஏறக்குறைய 195 கிலோ. சாயத் தொடங்கியதை நிறுத்த நம்மால் ஆகவில்லை. இருவர் கூடித்தான் நிமிர்த்தினோம். வளைந்த கிளச் பிடிக்கு விலை கொடுக்க முன்வந்தபோது, "விடுங்கள் அண்ணா, எல்லோரும் ஒருமுறை போடுவதுதான்" என்றார் அந்தப் பெருந்தன்மையாளர்.

மாடியிலிருந்து இதனைக் கண்ட இல்லத்தரசியார் அன்று இரவு ஒன்றே ஒன்று கேட்டார்: "அத்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு வரும்போது இப்படிச் சாய்ந்தால் என்ன செய்வீர்கள்?"

விடை கூற நம்மிடம் ஏதுமில்லை. ஓட்டுபவருக்கு எது பொருந்தும் என்று மட்டுமே அதுவரை எண்ணியிருந்தோம். அதன் பின் கடைகளுக்கு இருவருமே சென்றோம். நாம் இரு பாதமும் தரையில் பதிகின்றனவா என்று பார்ப்போம். அவர் சேலையுடன் ஒருக்களித்து அமர்ந்து, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா, கால் வைக்க இடமுண்டா, சேலைக் காப்புக் கம்பி சக்கரத்தை நன்கு மறைக்கிறதா என்று பார்ப்பார். பின் இருக்கை வானளாவ உயர்ந்த அழகிய வண்டிகள் சில அந்தத் தேர்விலேயே தோற்றன. ஒரு கடையின் விற்பனையாளர், "மேடம் ஓட்டப் போகிறாரா?" என்று ஏளனமாகக் கேட்டார். வேறு கடைக்கு வழி தெரியும் என்று சொல்லி வந்துவிட்டோம்.

முடிவில் 125 சி.சி. வண்டி ஒன்றே மூவருக்கும் இசைந்தது. எடை 120 கிலோ அளவு. 18 அங்குலச் சக்கரம். பெட்ரோல் டாங்கி 10 லிட்டர் கொள்ளும். ஸ்கூட்டரில் இருந்ததோ ஐந்து லிட்டர்தான். ஒரு குறையும் உண்டு. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயம்; அதற்குட்பட்ட வண்டிகளுக்கு இரு பிரேக்கையும் இணைக்கும் அமைப்பே போதும் என்று விதி வந்தது. ஈரச் சாலையில் ஏ.பி.எஸ். சிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 160 சி.சி. வண்டிகளை அதற்காகவே இருமுறை சென்று பார்த்தோம். விலையும் பின் இருக்கையின் உயரமும் தடுத்துவிட்டன. இந்தத் தீர்ப்பில் நமக்கே இன்னும் முழு நிறைவில்லை.

செப்டம்பர் 22-இல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறையும் என்று தெரிந்ததால் அதுவரை பொறுத்திருந்தோம். கடைக்காரர் முதலில் கூறும் விலை வேறு, வாழ்நாள் வரி, பதிவு, ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு அனைத்தும் சேர்ந்து நாம் கொடுக்கும் தொகை வேறு என்பதை எண்ணிப் பணம் சேர்த்தல் வேண்டும். ஸ்கூட்டரை விற்கவில்லை. அது இல்லத்தரசியாருடையதாயிற்று, அரிசி மூட்டையும் அவர் பொறுப்பாயிற்று.

ஐப்பசி முடிவில் தாயாரை ஓசூருக்குக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நேர்ந்தது. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். தலைக்கவசம் அவர் கொண்டையின் மேல் இறங்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கொண்டையை அவிழ்த்துக் கழுத்தருகே தாழ முடிந்தார். திண்ணைப் படியில் ஏறி நின்று, நம் தோளைப் பற்றி, ஒருக்களித்து அமர்ந்தார். சூளகிரி மேம்பாலம் வரை பேசவேயில்லை. நம் சட்டையைப் பிடித்த பிடி மட்டும் தளரவில்லை. லாரிகளுக்கு வழிவிட்டு இடப்புறமாக நாற்பதிலேயே சென்றுகொண்டிருந்தோம். திடீரெனக் காதருகே குரல் கேட்டது:

"ஏண்டா, இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாயே, இது இதற்கு மேல் ஓடாதா?"